திரும்பி வந்த தண்ணீரின் சூடு

வெஸ்டர்லுண்ட்,
9 பிப்ரவரி 2016

அன்புள்ள அக்கா தோராவுக்கு,

நீ ஓடென்ஸில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஒரு வருஷமாக நம்பிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன். நீ ஒரு வரிகூடப் போடவில்லை.

ஒரு முக்கியமான விஷயம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வெர்னருடைய பன்றிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். போன வாரம் பனியில் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. ஊரே தேடினோம். கடைசியில் பார்த்தால், நம் வெந்நீர்ச் சங்கத்துக் கொதிகலன் கொட்டகையில், எரிக்க அடுக்கிய வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் சுகமாகத் தூங்குகிறது. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பிர்கிட்டுக்குக் கோபம். வெர்னர் அசரவில்லை.

"இருபத்தாறு வருஷமா நானும் பங்கு கட்டுறேன், பிர்கிட். என் பன்றிக்கு ஒரு மூலை கூடவா கிடையாது?"

"தாராளமா இருக்கட்டும். நாளைக்கே அதுக்கும் ஒரு மீட்டர் மாட்டிவிடுறேன்."

அந்தக் கொதிகலன் பற்றித்தான் பேச்சு. அறுபத்தெட்டு வீட்டுக்குக் குளிர் காய வெந்நீர் அனுப்பி அனுப்பி அதற்கு ஆயுசு முடிந்துவிட்டது. இனி வெயிலில் தண்ணீர் காய்ச்சும் தகடுகள் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கோடையில் காய்ந்த தண்ணீரை ஒரு பெரிய குழியில் நிரப்பி, மேலே மூடி போட்டு வைத்தால் கிறிஸ்துமஸ் வரை எடுத்து ஓட்டலாம். கட்டுவதற்குத்தான் பெரிய செலவு. அதற்கு நகராட்சி ஜாமீன் நிற்கிறது, இருபது வருஷக் கடன் கிடைக்கும். அப்புறம் வெயில் யாருக்கும் பில் அனுப்பாது.

அதற்கு இடம் உன் வயல்தான் அக்கா. கொட்டகையை ஒட்டினாற்போல் இருப்பது அது ஒன்றுதான்.

சூரிய மின்சாரக் கம்பெனிக்காரர் அதற்கு உன்னிடம் குத்தகை பேசியிருப்பது ஊருக்கே தெரியும். நாங்கள் அதில் பாதிதான் தர முடியும். சங்கம் லாபம் பார்க்கக் கூடாது, மிச்சமானதை அடுத்த வருஷ பில்லில் குறைத்தே ஆகவேண்டும். அதனால் உனக்கு ஒரு குரோன் கூட்டினால் அது அறுபத்தெட்டு வீட்டுத் தலையிலும் விழும். மின்சாரம் கம்பி வழியாக எங்கேயும் போய்விடும், அவர்கள் இருபது கிலோமீட்டர் தள்ளிக்கூடத் தகடு போடலாம். வெந்நீர் அப்படி இல்லை. குழாய் நீள நீள, பணமும் சூடும் மண்ணுக்குள் போகிறது.

மார்ச் 17 பொதுக்கூட்டம். அதற்குள் ஒரு வார்த்தை சொல்.

உன் தம்பி,
ஏய்கில்


ஓடென்ஸ்,
17 பிப்ரவரி 2016

தம்பி ஏய்கில்,

உன் கடிதம் வந்தது. பன்றியை ஊரே தேடியது என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவைத்த பன்றி.

போன வருஷம் ஜனவரியில் உன் அத்தான் பிரெபெனை அடக்கம் செய்துவிட்டு, இங்கே இருக்க முடியாமல் அம்மா அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருந்தேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு ஐந்து அறை என்று மற்ற அறைகளில் வெந்நீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டரையெல்லாம் மூடிவிட்டு, முன்னறையில் மட்டும் முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சிக்கனமாக இருக்கிறேன் என்று நினைப்பு. அப்படியும் குளிர்தான்.

உன் வீடு எதிர்ச்சாரியில். நடந்தால் நாற்பது தப்படி. அடக்கத்தன்று என் கையைக் குலுக்கினாய், அதோடு சரி. மூன்றாவது வாரம் தபாலில் ஒரு காகிதம் வந்தது. "தங்கள் வீட்டிலிருந்து திரும்பும் நீர் அதிகச் சூடாக உள்ளது. கூடுதல் கட்டணம் சேர்க்கப்படும்." கீழே, தலைவர் ஏய்கில் தாம்கோர். அன்று ரொட்டிக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா, "என்னங்க தோரா, சொந்தத் தம்பியே தண்டம் போட்டுட்டாராமே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் கிளம்பிவிட்டேன்.

மின்சாரக் கம்பெனிக்காரர் நேரில் வந்தார். காபி குடித்தார். சுவரில் பிரெபென் படத்தைப் பார்த்து, "யாருங்க இவரு?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வயலைப் பற்றி யோசிக்கிறேன்.

தோரா


வெஸ்டர்லுண்ட்,
1 மார்ச் 2016

அக்கா,

பதினொரு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கதை சொல்ல வாய் இருக்கிறது, இதற்கு இல்லை.

அந்தத் தண்டம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஊரை விட்டுப் போனது குழாய் போடுவதற்கு முன்னால், உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே ஒரு ரேடியேட்டரை முழுசாகத் திறந்தால் தண்ணீர் அதற்குள் பாய்ந்து, சூட்டை இறக்கி வைக்காமலே திரும்பி வந்துவிடும். எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் திறந்தால் நிதானமாகப் போய், சூட்டை விட்டுவிட்டு ஆறி வரும். ஆறி வந்தால்தான் எங்களுக்குச் செலவு குறைவு. சூடாகத் திரும்பினால் எல்லார் வீட்டு பில்லும் ஏறும். அதனால்தான் அந்த விதி. அதைப் போட்டவனே நான்தான்.

இப்போது மற்றது. கொட்டகையில் ஒரு திரை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எத்தனை டிகிரியில் தண்ணீர் திரும்புகிறது என்று அதில் தெரியும். ஊரில் எல்லாருக்கும் முப்பத்தைந்து, முப்பத்தாறு. உன் வீடு ஐம்பத்தெட்டு. நான் தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். நீ ஒரே அறையில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. பதினேழு நாள் தெரியும்.

பிர்கிட் சொன்னாள். "அக்கா ஒத்த ரூம்ல உக்காந்திருக்காங்க போல. ஒரு எட்டு போயிட்டு வாயேன்யா."

"நாளைக்குப் போறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

ஒரு சாயங்காலம் கோட்டு போட்டுக்கொண்டு என் வீட்டு வாசல் வரை வந்தேன். அத்தானைப் பற்றிப் பேசினால் நீ அழுவாய், பேசாமல் பனியைப் பற்றிப் பேசினால் நான் மனுஷனே இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே போய்க் கோட்டைக் கழற்றினேன். மறுநாள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

வயலை நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

ஏய்கில்


ஓடென்ஸ்,
6 மார்ச் 2016

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ அதை எழுதிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை நான் கம்பெனிக்காரருடைய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருஷக் குத்தகை.

படித்த உடனே அவருக்குப் போன் போட்டேன். "இனிமே முடியாதுங்கம்மா, பதிவுக்குப் போயிடுச்சு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் பிர்கிட்டிடம் பேசினேன். அடுத்த இடம் ஓடைக்கு அந்தப் பக்கம் வெர்னருடைய மேய்ச்சல் நிலமாம். ஆயிரத்து இருநூறு மீட்டர் குழாய். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டேன், தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெரிய தொகைதான். நம் வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஏறும். இதைக் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் சங்கத்தை விட்டு விலகலாம் என்றாள். விலகினால் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் ஏறும்.

கோபத்தில் போட்ட கையெழுத்து என்று நான் சொல்லமாட்டேன். பிரெபென் போனபின் எனக்குப் பணமும் தேவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ ஒரு தடவை கதவைத் தட்டியிருந்தால் பாதிக் குத்தகைக்கே உங்களுக்குக் கொடுத்திருப்பேன். இரண்டும் நிஜம்.

அன்றைக்கு வந்து நீ பனியைப் பற்றித்தான் பேசியிருந்தாலும், நான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேனடா.

பதினேழாம் தேதி கூட்டத்துக்கு வருகிறேன். அம்மா அப்பா வீட்டின் பேரில் நானும் பங்குதாரர்தானே. வயல் போன விஷயத்தை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம், எழுந்து நின்று நானே சொல்கிறேன். வெர்னர் கத்துவான். ரொட்டிக் கடை அம்மா உன்னைத்தான் குத்திக் காட்டுவாள். கத்தட்டும், அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

கூட்டத்தை நடத்த எப்போதும் வேறு ஒருவரைத்தானே தேர்ந்தெடுப்பீர்கள். அறிக்கையை வாசித்து முடித்ததும் முன்மேசையில் உனக்கு வேலை இல்லை. இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார். எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். உட்கார்ந்திரு, போதும்.

உன் அக்கா,
தோரா