சுகர் ஆபீஸ்காரி

மார்ச் 4

முத்துமணி சார் இன்று காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் எங்கள் மையத்துக்குப் பொறுப்பு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான ஆதரவுத் திட்டம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறதாம். சட்டமன்றத்தில் மறுபடி நிதி ஒதுக்கினால் மையம் இருக்கும். இல்லையென்றால் ஏப்ரல் முதல் தேதி பூட்டு. "முட்டாள்கள் தினத்தில் பூட்டுவது பொருத்தம்தான் சார், நான் இங்கேதானே வேலை பார்க்கிறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் எப்போதும் கிடைக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப் போய், கெஞ்சி, திட்டி, திரும்பக் கூட்டிவருவது நாங்கள்தான். நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்க்கும் காசிராஜன் முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஆடுகளுக்கு நடுவே குனிந்துகொள்வார். இப்போது மோர் தருகிறார். மையம் போனால் அவரைத் தேட ஆளில்லை. என்னையும்தான். நானும் அதே மாத்திரை தின்கிறவள்.

மார்ச் 7

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் என் பெயர் சுகர் ஆபீஸ்காரி. எனக்குச் சர்க்கரை நோய் என்றும், அதனாலேயே அருப்புக்கோட்டை சுகர் ஆபீஸில் வேலை கிடைத்தது என்றும் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பொய்க்காக எத்தனை கல்யாண வீட்டில் கேசரியை இலையோரம் ஒதுக்கியிருக்கிறேன்! பரிசோதனையில் சர்க்கரை என்ற பேச்சே கிடையாது. கேசரியைப் பார்த்து எச்சில் விழுங்குகிற பத்தியக்காரி இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி மதினி, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். வாய் சும்மா இருக்குமா? ஆபீஸை மூடப்போகிறார்கள் என்று உளறிவிட்டேன்.

"மூடிருவாகளா? எப்படி மூடுறாகன்னு நானும் பாக்கேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகினார். சுகர் ஆபீஸுக்கு இவ்வளவு ஆவேசமா என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 12

சட்டமன்ற மனுக் குழு அருப்புக்கோட்டைக்கு வருகிறது. எங்கள் மனு போயிருக்கிறது. ஆனால் பயன்பெறுகிறவர்கள் யாராவது நேரில் வந்து பேசினால்தான் எடுபடும் என்கிறார் சார். நாள் முழுக்க போன் போட்டேன். ஒருத்தருக்குச் சடங்கு வீடு. ஒருத்தருக்குப் பருத்தி எடுப்பு. இன்னொருத்தர், "ஒங்களுக்கு என்னக்கா, ஆபீஸ்ல இருந்து பேசிருவீக" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் சார் என்னைப் பார்த்தார். "நீங்க பேசுறீங்களாம்மா?"

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். பயப்படாதீர்கள், முன்னால் வாருங்கள் என்று வாராவாரம் வகுப்பெடுக்கிற தொண்டை. ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 16

மதினி என்னவோ செய்கிறார். தெருவில் பெண்களெல்லாம் என்னைப் பார்த்து, கவலைப்படாதே என்பதுபோல் தலையாட்டுகிறார்கள்.

மார்ச் 18

எழுத முடிகிறதா பார்ப்போம்.

குழு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. எங்கள் மனு வருவதற்கு முன்பே வாசலில் சத்தம். ஷேர் ஆட்டோக்களில் எங்கள் ஊர்ப் பெண்கள். முன்னால் மதினி. "மூடாதே மூடாதே, சுகர் ஆபீஸை மூடாதே!"

குழுத் தலைவருக்கு ஏக சந்தோசம். "இவ்வளவு பேர் வந்திருக்கீங்க! உங்க ஊர்லயே சர்க்கரை நோய் முகாம் போடச் சொல்றேன்மா" என்றார். கைதட்டல். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். எங்கள் மனுவும் இதுதான் என்று நினைத்து, அருப்புக்கோட்டை ஆபீஸ் விசயம் முடிந்தது, அடுத்தது என்றார் தலைவர். முத்துமணி சார் எழுந்து என்னமோ சொல்லப் பார்த்தார், கைதட்டலில் கேட்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நா என்ன செய்ய? உக்காந்திருந்தா சுகர் முகாம் வரும், எங்க ஆபீஸ் போகும். எந்திரிச்சா நா போவேன். ஏன்டி தங்கமாரி, ஒனக்கு வேற பொய்யே கெடைக்கலையா? மூட்டுவலின்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

எழுந்துவிட்டேன்.

"ஐயா, அது சுகர் ஆபீஸ் இல்லீங்கய்யா. எச்.ஐ.வி. உள்ளவுகளுக்கான ஆபீஸு. எனக்கும் இருக்கு. சுகர்தான் இல்ல."

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாத்திரையை நிறுத்தியவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். காசிராஜன் பெயரைச் சொல்லாமல் அவருடைய ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது எங்கள் ஊர் நாற்காலிகள் காலி. மதினிதான் முதலில் ஓடினாராம்.

மார்ச் 19

குழாயடியில் இன்று எனக்கு மட்டும் வரிசை இல்லை. நான் போனதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மகாராணி கணக்கு.

மார்ச் 23

மதினி வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. உள்ளே டி.வி. ஓடுகிறது. திட்டினாலாவது பதில் சொல்லலாம். ரொம்ப வலிக்கிறது.

மார்ச் 30

சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு. குழுவின் பரிந்துரையால் என்கிறார் முத்துமணி சார். அவர் கண் கலங்கியதை இன்றுதான் பார்த்தேன். மையம் முழுக்க ஒரே கூச்சல். நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகு இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஏப்ரல் 6

மத்தியானம் மையத்து வாசலில் பாண்டீஸ்வரி மதினி. இத்தனை வருடம் ஏமாற்றியதற்கு ஆபீஸ் ஏறி வந்து திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏத்தா, சுகர் ஆபீஸுக்காகவா நா அம்புட்டுச் சனத்தையும் கூட்டியாந்தேன்?"

பின்னே எதற்கு என்று கேட்டேன்.

"ஒன் பையில அந்த மாத்திர டப்பாவ ரொம்ப நாளைக்கு முன்னயே பாத்துட்டேன். லேபில் கிழிச்ச டப்பா. கிழிச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சியாக்கும். கிழிக்கிறவளுக்குத் தெரியாதா?"

லேபிளைக் கிழித்துவிடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற மேதை நான்தான்.

"நீ எந்திரிச்சுச் சொன்னதும் எல்லாரும் என்னையப் பாக்குற மாதிரியே இருந்துச்சு. ஓடிட்டேன்."

இப்படி வருகிறவரிடம் முதலில் என்ன பேச வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

போகும்போது கேட்டார்: "இப்ப என் மாத்திரைய மதுரைல போயித்தான் வாங்குறேன். இங்கிட்டு மாத்திக்கிரலாமாத்தா? பஸ்ஸுல நின்னுக்கிட்டே போக முடியல."

நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காலை பஸ்ஸில் தனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.