ஷகிலா அக்கா வாசலில் நின்ற தண்ணீர்

செப். 1, திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. வரிசையில் எனக்கு முன்னால் நாய்த் தொல்லை, பின்னால் தெருவிளக்கு. எங்களுடையது சாக்கடை.

எழுதியது இவ்வளவுதான்: ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் அன்னதானம். சாப்பிட்ட தட்டும் தண்ணீர் கப்பும் எங்கள் தெருக் கால்வாயில். மழை வந்தால் அடைத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குள் சாக்கடை.

கடைசி வீடு ஷகிலா அக்காவுடையது. தையல் கடையும் அதுவேதான். போன பௌர்ணமிக்கு மறுநாள் மழை. வெட்டி வைத்த ஜாக்கெட் துணியெல்லாம் நாறிப்போனது. இப்போது மெஷினின் ஒவ்வொரு காலுக்கும் கீழே இரண்டு செங்கல்.

"இன்னொரு தபா உள்ள வந்துச்சுனா ஆம்பூருக்கே போயிடுவேன் திவ்யா. தம்பி கூப்டுனே இருக்கான்."

இந்தத் தெருவில் நான் வாய்விட்டுப் பேசுவது அக்காவிடம் மட்டும்தான்.

மனுவை வாங்கியவர், "கையெழுத்து அழகா இருக்கேம்மா, யாருது?" என்றார். வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: பச்சை நூல் (அக்காவுக்கு), கொத்தமல்லி. ரீசார்ஜ்.

செப். 2, செவ்வாய்

மாநகராட்சியிலிருந்து போன் வந்தது. உதவிப் பொறியாளர் மேடம் வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறாராம். "சத்தமா பேசும்மா, ஒண்ணும் கேக்கல." மூன்று முறை.

எதிர்வீட்டு சம்பத் அண்ணன், ஆட்டோவைத் துடைத்தபடி: "மேடம் வந்தா நீதான் பேசணும். தெருவுல டிகிரி முடிச்சது நீ ஒருத்திதான்."

"நீங்க பேசுங்கண்ணா."

"நான் பேசுனா சண்டையாயிடும்."

உண்மை.

செப். 3, புதன்

மாலை வரை நூலகம். அரசு வேலைப் பரீட்சைக்குப் படிப்பதாகப் பேர். நாளை என்ன பேசுவது என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பினால் தெரு முனையிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி. கால்வாய் பளிச்சென்று. ஒரு தட்டு, ஒரு கப் இல்லை. ஆண்கள் வாரிக் கொட்டி, பெண்கள் கழுவிவிட்டிருக்கிறார்கள். அம்மாதான் தலைமை.

"ஏம்மா இப்டி பண்ணே?"

"பெரிய ஆபீசரு வராங்க. நாத்தத்துல நிக்க வப்பாங்களாடி? நம்மளதான் கேவலமா நெனப்பாங்க."

"அந்த நாத்தத்தக் காட்டத்தாம்மா வரச் சொன்னோம்!"

அம்மா, "காலைல கோலம் வேற போடணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போன மாதம் எடுத்த போட்டோ போனில் இருக்கிறது. போதுமா?

செப். 4, வியாழன்

ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

பத்து மணிக்குப் பொறியாளர் மேடம் ஸ்கூட்டியில். பின்னாலேயே கடப்பாரையுடன் ஒரு பணியாளர். தெரு முழுக்கக் கோலம். ஷகிலா அக்கா வாசலிலும் அம்மா போட்டிருந்தாள், அக்காவிடம் கேட்டுக்கொண்டு. மேடம் மிதிக்காமல் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாதான இருக்குது? எங்க ஆளுங்களே இவ்ளோ சுத்தமா பண்ண மாட்டாங்க."

தெருவே பெருமையாகச் சிரித்தது. போட்டோவைக் காட்டினேன்.

"அதான் இப்ப க்ளீனாயிடுச்சே. பௌர்ணமிக்கு ஆள் ஜாஸ்தி போடச் சொல்றேன்." வண்டியைத் திருப்பிவிட்டார்.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள், கழுத்தில் அளவு நாடா. உள்ளே திரும்பினாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. நேற்று கழுவிவிட்ட தண்ணீர், அக்கா வாசலுக்கு நேரே கால்வாயில் இன்னும் நிற்கிறது. அடைக்கக் குப்பையே இல்லை. பிறகு ஏன் நிற்கிறது?

"மேடம், தண்ணி ஊத்திப் பாத்துட்டுப் போங்க."

என் குரல்தான். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா?"

"இப்ப குப்ப இல்ல. தண்ணி போகணும்ல? போகுதானு பாருங்க."

"எடுங்கப்பா கொடத்த!" என்றார் சம்பத் அண்ணன். வீட்டுக்கு வீடு குடம், வாளி. ஊற்றினோம். தண்ணீர் ஓடி, அக்கா வீட்டை ஒட்டி ரோட்டுக்கு அடியில் போகும் பைப் வரைக்கும் போனது. நின்றது. பின்வாங்கியது. அக்கா வாசலில் கால்வாயைத் தாண்டி ஏறி, அம்மாவின் கோலத்தைக் கரைத்து, படியைத் தொட்டது. மேடம் புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

பணியாளர் கடப்பாரையை விட்டுப் பார்த்தார். "பைப்ப ஏத்திப் போட்டுட்டாங்க மேடம். கால்வா பள்ளத்துல இருக்குது."

ஆக, என் மனுவே பாதி தப்பு. இவர்கள் சுத்தம் செய்யாமல் இருந்திருந்தால் குப்பையைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருப்போம். அம்மாவிடம் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். (நாளைக்கு.)

"சரி, பௌர்ணமி முடியட்டும், பாக்கலாம்" என்றார் மேடம்.

இந்த ஊரில் எல்லா வேலைக்கும் இதே பதில்தான். அதற்குள் அடுத்த பௌர்ணமி வந்துவிடும்.

"எந்தப் பௌர்ணமி மேடம்?"

சம்பத் அண்ணன் வெடித்துச் சிரித்தார். மேடத்துக்கும் அடக்க முடியவில்லை. "இந்தப் பௌர்ணமிதாம்மா. செவ்வாக்கெழம தோண்டிடலாம். அதுவரைக்கும் மண் மூட்ட அனுப்பறேன்."

"அத அக்காகிட்ட சொல்லுங்க மேடம்."

ஈரத்தில் கால் வைத்து, படி வரைக்கும் போய்ச் சொன்னார்.

சாப்பிடும்போது அம்மா: "உனக்கு இவ்ளோ சத்தம் வருமா?"

செப். 7, ஞாயிறு. பௌர்ணமி

மழை இல்லை. அக்கா வாசலில் மண் மூட்டை. மதியத்திலிருந்தே ஜனம். எங்கள் தெருக்காரர்கள் கால்வாய் ஓரம் பழைய டிரம் ஒன்றை வைத்துக் காவல். எனக்கும் ஒரு மணி நேரம். "அண்ணா, தட்ட இதுல போடுங்க." முதலில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. தொண்டை கட்டிவிட்டது.

செப். 9, செவ்வாய்

காலையில் யாரும் வரவில்லை. நானே போன் செய்தேன். சத்தமாகப் பேசச் சொல்லவில்லை யாரும். பன்னிரண்டு மணிக்கு ஜேசிபி.

பழைய பைப்பைப் பிடுங்கி, புதிதாக ஒன்றை ஆழமாகப் போட்டார்கள். மறுபடி குடம் குடமாக ஊற்றினோம். போயிற்று.

பச்சை நூலை இப்போதுதான் கொடுத்தேன். மெஷினின் ஒவ்வொரு காலுக்கும் கீழே இப்போது ஒரே ஒரு செங்கல்.

"மீதியும் எடுத்துடலாமாக்கா?"

"இருடி. ஒரு மழ பாத்துட்டு எடுக்கலாம்."

மலைக்குப் பின்னால் மேகம் கருக்கிறது. வரட்டும்.