நவம்பரில் ஃபெயிலான வண்டி

காப்பெல்,
26 ஜனவரி 2025

அன்புள்ள மாளுவுக்கு அம்மா எழுதுவது. சன்னிவேலில் நீயும் மாப்பிள்ளையும் ரக்ஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம், அப்பாவுக்கு மணிக்கட்டு வலி, எனக்கு அலுப்பு, புதிதாக ஒன்றுமில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே ஸ்பீக்கரில் போடு என்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் இதை வைக்கிறேன். பொடியில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, நெய் விட்டுச் சாப்பிட்டால் தெரியாது.

விஷயம் அப்பாவின் பைக். அந்த எண்பத்திரண்டாம் வருஷத்து வண்டியை வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவர் ஓட்டிப் போவதும், வழியில் நின்றுவிட்டால் ஏற்றிக்கொண்டு வர நான் காரில் பின்னாலேயே போவதும் உனக்குத் தெரிந்த கூத்துதான். ஒரு வருஷம் ஹார்ன் அடிக்காது, ஒரு வருஷம் வெயிலில் டயர் வெடிப்பு விட்டிருக்கும், ஒரு வருஷம் பின்விளக்கு எரியாது. முதல் தடவையிலேயே பாஸானதாக எனக்கு நினைவே இல்லை. பதினைந்து நாளுக்குள் சரிசெய்து திரும்பக் காட்டலாம் என்பதால் இவரும் கராஜில் உட்கார்ந்து எதையாவது மாற்றிப் பாஸ் வாங்கிவிடுவார். நானோ, இந்தத் தடவையாவது ஒரேயடியாக ஃபெயில் ஆகட்டும் பிள்ளையாரே என்று காருக்குள் வேண்டிக்கொண்டிருப்பேன். எழுபத்தொரு வயசு ஆளுக்கு எதற்கடி அது.

போன நவம்பரில் பிரேக்கில் மாட்டியது. அங்கே பின்பக்கம் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், சொன்ன வேகத்தில் வந்து அதைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். அப்பா தாண்டிவிட்டார். வீட்டுக்கு வந்து கேபிள், லீவர், பிரேக் ஷூ எல்லாம் மாற்றினார், பத்து நாள் கழித்துப் போனோம், மறுபடியும் தாண்டினார். அப்புறம் அங்கே செக் பண்ணுகிற ஹெக்டர் என்கிற பையன் தானே ஏறி ஓட்டினான். கோட்டுக்கு நாலடி முன்னாலேயே கச்சிதமாக நின்றது மாளு. நான் காரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா பிரேக் பிடிக்கிற வலது கையை விரித்து விரித்து மடக்கிப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, வண்டி ஃபெயில் பர்வதம், அதுக்கும் வயசாயிடுச்சில்ல என்றார். நானும் ஆமாம் என்றேன். இத்தனை வருஷம் வேண்டியது கிடைத்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அதோடு விட்டதா? ஜனவரியிலிருந்து டெக்சஸில் இந்த இன்ஸ்பெக்‌ஷனையே எடுத்துவிட்டார்கள், ஃபெயிலான வண்டிக்குக்கூட இனி யாரிடமும் காட்டாமல் ரிஜிஸ்ட்ரேஷனை ரினியூ பண்ணிக்கொள்ளலாம். இவரை யார் நிறுத்துவது? கோடை லீவுக்கு ரக்ஷா வந்தால் பின்னால் உட்காரவைத்து ஏரி வரைக்கும் கூட்டிப்போகிறேன் என்று வேறு அவளிடம் சொல்லி வைத்திருந்தார். ரினியூவல் லெட்டர் வந்ததும் அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன். மறுபடி ஏதாவது லெட்டர் வந்துவிடுமோ என்று முட்டி வலியோடு தினமும் அவருக்கு முந்திக்கொண்டு தபால் பெட்டிக்கு ஓடி ஓடி அலுத்தே போனேன். கடைசியில் நேற்று கோயிலில் ராமசுப்ரமணியன் அங்கிள் வந்து, சார், இனிமே இன்ஸ்பெக்‌ஷனே கிடையாதாமே, பைக்கை வெளில எடுத்துட வேண்டியதுதானே என்று போட்டு உடைத்தார். அப்பா கையிலிருந்த புளியோதரையை நிதானமாக முடித்துவிட்டு, நவம்பர்லயே ஹெக்டர் சொன்னான் சார், ரெண்டு மாசம் வெயிட் பண்ணுங்க, அப்புறம் யாரும் செக் பண்ண மாட்டாங்கன்னு, ஆனா வண்டிதான் ஃபெயில் ஆயிடுச்சே என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லெட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, லெட்டரைக் குப்பையில் போட்டுவிட்டு, காபி கேட்டார். அவ்வளவுதான். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியுமோ என்னவோ, நான் கேட்கப் போவதில்லை.

வியாழக்கிழமை அவர் கையை டாக்டரிடம் காட்டப் போகிறோம், அதைப் பற்றி நீ வாயைத் திறக்காதே. பைக் என்னப்பா ஆச்சு என்று மட்டும் கேள், அவர் ஆற அமரச் சொல்லட்டும். நீ ஃப்ரீவேயில் பார்த்து ஓட்டு, வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேரையும் அந்தப் பிள்ளையார் கூடவே இருந்து காப்பாற்றட்டும். ரக்ஷாவிடமும் மறக்காமல் சொல்லி வை, ஃபெயில் ஆனது வண்டிதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
பர்வதம்