கொன்றையடிக் கழகத்தின் இடக்கரை

வெள்ளவத்தை,
24.1.1937

அன்புள்ள மச்சான் இராசநாயகம்,

சுகமாக வந்து சேர்ந்தேன். இரவு மெயில் ரயிலில் நித்திரை இல்லை. காரணம் மூட்டைப்பூச்சி அல்ல, நம்முடைய பந்தடிக் கழகம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் மாமியின் கையால் நாலு பலகாரம் தின்றுவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். கொக்குவில்காரரோடு ஆட்டம் என்று நீ இழுத்தாய். வந்து நின்று ஐந்து கோல் வாங்கியதைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் வயிற்றில் விழுந்தது.

நீ கப்டன், ஆகையால் உனக்கே எழுதுகிறேன். கோபித்தால் கோபித்துக்கொள். பாக்கில், கோலுக்கு முன் காவல் நிற்கிற பஞ்சலிங்கம் அண்ணை எதிரியைப் பார்ப்பதைவிட வேலியோரம் நிற்கிற சனத்தைப் பார்ப்பது கூட. உன் ஆட்டத்தில் குறை இல்லை. ஆனால் எல்லாப் பந்தும் வலப்பக்கத்தாலேயே போகிறது. ஒருபக்கச் சில்லு மட்டும் சுழலுகிற எஞ்சின் எங்கள் ரயில்வே வேலைத்தலத்துக்கு வந்தால் இழுத்துக்கொண்டுபோய்ப் பழுது பார்ப்போம். நீங்கள் அதற்குப் பச்சைச் சட்டை போட்டு மைதானத்தில் விடுகிறீர்கள். இடக்கரையில் ஆளே இல்லை. படம் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன், பார்.

ஆள் ஊரிலேயே இருக்கிறான். புறப்படுவதற்கு முதல்நாள் பனை வடலிக்கு அப்பால் வெறுந்தரையில் பெடியள் பந்தடித்ததைக் கண்டேன். உங்கள் வளவுப் பனையில் கள்ளுச் சீவுகிறவரின் மகன் கந்தப்பு, ஊரில் கந்தன் என்கிறார்கள், அவன் இடக்காலால் அடித்த பந்து நேரே போய்க் கடைசியில் உள்ளே வளைந்தது. அப்படி ஒரு அடியை நான் கொழும்பிலும் காணவில்லை. அவனைப் போடு. வேறு மருந்து இல்லை.

தோற்கப் பழகாத,
கனகரத்தினம்

*

சிவமயம்

கொன்றையடி,
9.2.1937

அன்புள்ள மச்சான் கனகரத்தினத்துக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "உதென்னடா, தம்பி அங்கை வீடு கட்டப் போறானோ?" என்று கேட்டா. பந்தடி என்று சொன்னேன். "ஓம், அதுக்கும் படம் வேணுந்தான்" என்று சிரித்தா. உன்மேல் அவவுக்கு வலு பட்சம்.

கொழும்பில் விசிறிக்குக் கீழே இருந்து படம் கீறுவது சுகம் மச்சான். இங்கே ஆளை நிறுத்துகிறவன் நான். பஞ்சலிங்கம் அண்ணையிடம் மெல்லக் கந்தன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். "அவன் வந்தால் நான் சட்டையைக் கழட்டிப்போட்டுப் போறன். என்னோடை இன்னும் நாலு பேர் வருவினம். பிறகு நீயும் கந்தனுமாய்ப் பந்தடியுங்கோ" என்றார். அவன் நல்லாக அடிக்கிறான் என்பது எனக்கும் தெரியும், எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் ஊரும் இருக்கிறது.

போன கிழமை சுன்னாகத்தில் மூன்று–ஒன்று. அந்த ஒன்று நான் போட்டது. அதையாவது மெச்சி ஒரு வரி எழுது.

உன் ஏச்சையும் அன்பையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிற,
இராசநாயகம்

*

வெள்ளவத்தை,
2.5.1937

அன்புள்ள மச்சான்,

உன் ஒரு கோலை மெச்சுகிறேன். மெச்சி முடிந்தது.

பிறகு நடந்த மூன்று ஆட்டமும் தோல்வி என்று தேத்தண்ணிக் கடையில் மானிப்பாய்ப் பெடியன் ஒருவன் சொல்லி அறிந்தேன். "உங்கடை கழகத்திலை ஆக்கள் பந்துக்குப் பின்னாலை ஓடுகினமோ, பந்து ஆக்களுக்குப் பின்னாலை ஓடுதோ?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வந்தேன். வேலையில் ஒரு படத்தை இரண்டு தரம் பிழையாகக் கீறி மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிக் கட்டினேன். உங்களால்தான்.

பஞ்சலிங்கம் அண்ணையிடம் நான் கேட்டதாக ஒன்று கேள். போன மாதம் அனுப்பினேனே பந்து, அது மாட்டுத்தோல். எந்த மாடு, செத்த மாடா, வெட்டின மாடா, யார் உரித்தது, யார் தைத்தது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. திருநீறு பூசிய நெற்றியால்தானே அதை அடிக்கிறார்? தோஷம் இல்லையாம். அதே பந்தைக் கந்தப்பு காலால் அடித்துக் கொடுத்தால் மட்டும் தோஷமாம். எந்தக் கணக்கில் வருகிறது இது? எனக்கு விளங்கவில்லை.

அடுத்த சுற்றிலும் அவன் இல்லை என்றால் எனக்குக் கோல் கணக்கு எழுதாதே. எழுத வேண்டியதில்லை, எனக்கே தெரியும்.

உன்,
கனகரத்தினம்

*

சிவமயம்

கொன்றையடி,
11.7.1937

அன்புள்ள மச்சான் கனகரத்தினத்துக்கு,

இரு, இருந்துகொண்டு வாசி. வென்றோம். மூன்று–பூச்சியம். கந்தன் இரண்டு, நான் ஒன்று. கந்தன் வந்தபின் இந்தச் சுற்றில் ஒரு ஆட்டமும் தோற்காமல் கேடயத்துக்கான கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கொன்றையடி இதுவரை அங்கே போனதே இல்லை.

மாட்டுத்தோல் கதையைப் பஞ்சலிங்கம் அண்ணையிடம் சபையிலேயே வாசித்துக் காட்டினேன். முகம் சிவந்து எழும்பினார். பிறகு எல்லாரும் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரித்து இருந்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஆறமுதல் ஏற்பாட்டைப் பேசி முடித்தேன். கந்தன் நேரே மைதானத்துக்கு வருவான், ஆட்டம் முடிய நேரே போவான். சட்டையை அவனே வைத்துக் கொள்வான், மற்றச் சட்டைகளோடு சேர்க்கிறதில்லை. இடைவேளையில் தண்ணீர் குடிக்க எங்களுக்கு வாளியும் செம்பும். அவனுக்கு ஒருவர் கையில் வார்ப்பார். ஆட்டம் முடிய எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்கு அவன் வருவதில்லை. எல்லாம் சுமுகம். அவனும் சட்டையை வாங்கிக்கொண்டு போனான்.

சோளகம் அடித்துக் கண்ணுக்குள் மண். அந்தக் காற்றிலும் அவன் பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் பெண்டுகள் "கந்தன்! கந்தன்!" என்று கத்தினார்கள் மச்சான். அம்மாவும் அதற்குள்தான் நின்றாவாம், கேட்டால் இல்லை என்கிறா. இரண்டாவது கோல் விழுந்தபோது பஞ்சலிங்கம் அண்ணை கையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினார். கிட்டப் போய்த்தான் ஞாபகம் வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஓகஸ்ட் 14, நம்முடைய மைதானத்தில், தெல்லிப்பழையோடு. லீவு எடுத்து வா.

வெற்றிக் களிப்போடு,
இராசநாயகம்

*

வெள்ளவத்தை,
16.7.1937

என் அருமை மச்சான்,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அறையில் இருக்கிறவர்களுக்கும் உரத்து வாசித்துக் காட்டினேன். அந்த மானிப்பாய்க்காரனைத் தேடிப்போய் அவனுக்கும் வாசித்தேன்.

லீவு இல்லை. கேட்டேன், சண்டையும் பிடித்தேன், இல்லை. ஆகையால் கவனி. நாணயம் சுண்டுவதில் வென்றால் முதற்பாதியில் சோளகத்தோடு ஆடு, பெடியள் களைக்கமுதல் கோலைப் போட்டுவிட வேண்டும். கந்தப்புவுக்குச் சொல், பந்தைக் காலோடு வைத்திருக்காமல் முதல் தொடுகையிலேயே அடிக்கட்டும்.

இன்னொன்று. அந்தக் கையில் வார்க்கிற அலுவலை நிறுத்து. இடைவேளையே சிறிது. ஒருவன் குனிந்து நிற்க இன்னொருவன் வார்த்துக்கொண்டிருப்பது வீண் நேரம். அவனுக்கும் செம்பைக் கொடுத்தால் முடிந்தது.

முடிவைத் தந்தியில் அடி. "வென்றோம்" என்று ஒரு சொல் போதும்.

உன்,
கனகரத்தினம்

*

சிவமயம்

கொன்றையடி,
19.8.1937

அன்புள்ள மச்சான் கனகரத்தினத்துக்கு,

தந்தி வரவில்லை என்பதிலேயே உனக்கு விளங்கியிருக்கும். இரண்டு–நாலு.

நீ சொன்னபடியே காற்றோடு ஆடினோம். இடைவேளைக்கு வரும்போது இரண்டு–பூச்சியம். இரண்டும் கந்தன். தெல்லிப்பழைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். கேடயம் மேசையில் இருந்தது. நான் அதைத் தொட்டும் பார்த்தேன்.

பிறகு ஒரு சின்னக் குழப்பம். வெயில் பொல்லாதது. வாளி வந்தது. வார்க்கிறவர் சனத்தோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கந்தன் கொஞ்ச நேரம் கையை ஏந்திக்கொண்டு நின்றான். ஒருவரும் வரவில்லை. பிறகு நேரே வந்து செம்பை எடுத்து, வாளியில் மொண்டு, வாய் வைத்துக் குடித்தான். நிதானமாகக் குடித்தான் மச்சான். குடித்துவிட்டு அடுத்தவனுக்கு நீட்டினான்.

பஞ்சலிங்கம் அண்ணை செம்பைத் தட்டிவிட்டார். சனம் உள்ளே வந்துவிட்டது. "கப்டன், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஆம்பிளையோ நீ?" என்று நாலு பக்கத்தாலும் கேட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அறைந்தேன். ஒன்றே ஒன்று. பலமாகவும் இல்லை.

அவன் கன்னத்தைத் தடவவும் இல்லை. சட்டையைக் கழற்றி, மடித்து, என் காலடியில் வைத்துவிட்டு வடலிப் பக்கம் நடந்தான். நாங்கள் பத்துப் பேராய் எதிர்க்காற்றில் ஆடினோம். மிச்சம் உனக்குத் தெரியும்.

கேடயம் கைக்கு வந்த நேரத்தில் நடு மைதானத்தில் விட்டுவிட்டுப் போனானே, கழகத்துக்குச் செய்கிற காரியமா இது? நீயே சொல்.

மனம் சரியில்லாத,
இராசநாயகம்

*

சிவமயம்

கொன்றையடி,
31.10.1937

அன்புள்ள மச்சான் கனகரத்தினத்துக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு மட்டும் தபால் அட்டை வருகிறது. அதில் சுகம் கேட்டிருக்கிறாய், மழை கேட்டிருக்கிறாய், என்னைக் கேட்கவில்லை. ஏசி எழுது. நீ ஏசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஊரில் கந்தன்ரை தகப்பனுக்குச் சீவப் பனை கொடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. என்னைப் பெற்ற ஐயாவும் அதற்கு ஓம் என்றார். என் கையில் ஒன்றும் இல்லை.

புதுச் சுற்றுத் தையில் தொடங்குகிறது. போன வெள்ளி நான் அவன் வீட்டுக்குப் போனேன். போனதற்கு என்னை நானே மெச்ச வேண்டும், அவ்வளவு யோசித்துப் போனேன். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். தாய் தங்கமுத்து வந்தாள். "அவன் இல்லை, நயினார்" என்றாள். வீட்டுக்குப் பின்னாலே பனையில் பந்து மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. "எங்கை போனவன்?" என்றேன். "தெரியாது, நயினார்." பந்துச் சத்தம் நிற்கவில்லை. நான் வந்துவிட்டேன்.

நீ எழுதினால் கேட்பான், அவனுக்கு வாசிக்கத் தெரியும். ஒரு கடிதம் எழுது. என்னைப் பெரிய பாவியாக்கி நீ மட்டும் சுத்தமாக இருக்க நினைக்காதே மச்சான். போன தையில் எங்கள் கிணற்றடியில் அவனுக்கு நீ தண்ணீர் வார்த்ததை நான் கண்டேன். நீயும் கையில்தான் வார்த்தாய்.

உன் ஒரு வரிக்குக் காத்திருக்கிற,
இராசநாயகம்

*

வெள்ளவத்தை,
23.1.1938

இராசநாயகம்,

ஓம். கையில்தான் வார்த்தேன். செம்பு பக்கத்தில் இருந்தது, எனக்கு அது தோன்றவே இல்லை. வீண் நேரம் என்று உனக்குப் பெரிய புத்தி எழுதினேனே, அதிலும் நேரத்தைத்தான் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை. இந்த ஐந்து மாதமும் உனக்கு ஏச உட்காருவேன். முதல் வரியிலேயே பேனா என்னிடம் திரும்பும். எழுதாததற்கு அதுதான் காரணம்.

கந்தப்புவுக்கு எழுதமாட்டேன். "வந்து ஆடு" என்று எழுத எனக்கு என்ன முகம் இருக்கிறது? வா என்றால் எங்கே? அந்த வாளிக்கா? அவனுடைய கன்னத்துக்கு ஒரு வரி, தகப்பனுடைய பனைக்கு ஒரு வரி உன் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இடக்கரைக்கு ஆள் இல்லை என்பதுதான் இருக்கிறது. அது நான் உனக்குப் படிப்பித்த பாடம்.

நான் வந்தேன், உனக்குத் தெரியாது. போன சனிக்கிழமை பருத்தித்துறையில் உங்கள் முதல் ஆட்டம். யாழ்ப்பாணத்தில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே பஸ் ஏறிப் போனேன். மாமிக்குச் சொல்லாதே, தாங்கமாட்டா. வரவேண்டும் என்று யோசித்து வரவில்லை. புதுச் சுற்றுத் தொடங்குகிறது என்றதும் கால் தானாக வந்தது, பத்து வயதிலிருந்து அதற்கு அது பழக்கம். பருத்தித்துறைச் சனத்துக்குள் நின்றேன். கடற்காற்று குளிர்ந்தது. பச்சைச் சட்டைகள் இறங்கியபோது நெஞ்சு வழமைபோல அடித்தது. இன்னும் அடிக்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

நீ நன்றாக ஆடினாய். எப்போதும் நீ நன்றாகத்தான் ஆடுவாய். இரண்டு தரம் தலையை நிமிர்த்தாமலே பந்தை இடப்பக்கம் வெட்டிவிட்டாய். அங்கே ஒருவரும் இல்லை, பந்து தானாக உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. நீ அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பார்த்தேன்.

பருத்தித்துறைக்காரர் நாலாவது கோல் போட்டபோது நான் கைதட்டினேன். தட்டுவது என்னுடைய கைதானா என்று குனிந்து பார்த்தேன். என்னுடையதுதான்.

பக்கத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் என் கைதட்டலைக் கண்டு சந்தோஷப்பட்டார். "கொன்றையடியாருக்கு இடக்கரையிலை ஆளில்லை, பாத்தீரே தம்பி? ஆரோ இடக்காலாலை அடிக்கிற வலு விண்ணன் ஒருத்தன் இருந்தவனெண்டு கேள்வி" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி எவ்விடம்?" என்று கேட்டார்.

கொழும்பில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டு முடிக்கமுதல் கொன்றையடி என்பேன். கழகத்தைச் சொல்வேன், கப்டன் என்ரை மச்சான் என்று உன்னையும் சொல்வேன்.

"இஞ்சைதான் ஐயா, பருத்தித்துறை" என்றேன்.

கனகரத்தினம்