மார்பில் வந்த கோடு

ஆவணி 12, வியாழன், இரவு

பத்து நாள் முன்பு, நீண்ட ஆலோசனைக்குப் பின், என் மார்பு முடியை நானே மழித்துக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தேன். இதயத்தையே திறந்து காட்டப் போகிறவனுக்கு முடியைக் காட்டக் கூச்சம்.

இன்று இதய வால்வு மாற்றும் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியதும் வார்டு ஊழியர் தனசேகர் ஓரடி பின்வாங்கினார்.

"இன்னா சார் இது, ஸ்கேல் வெச்சு கோடு போட்டாப்ல கீது? முடி எடுக்க நாங்க கீறோம்ல. நீ இன்னாத்துக்கு சார் கைய வெச்ச?"

கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் அடிவரை விரலகலச் சிவப்பு, மேலே வெள்ளைச் செதில். இருபது வருஷமாக முழங்கையோடு நின்ற சொரியாசிஸ். கத்தி போகும் வழியைப் போன மாதம் சர்ஜன் விரலால் காட்டினார். அது தொடங்கும் இடத்தில்தான் இந்தக் கோடும் தொடங்குகிறது, அது முடியும் இடத்தில்தான் முடிகிறது. ரேசரை அவ்வளவு நேராக இழுத்ததாக எனக்கு நினைவில்லை.

சர்ஜன் வந்து பார்த்தார். "சொரியாசிஸ் உள்ள உடம்புல கீறல் பட்டா அங்கயே புதுசா வரும். செதில்ல கிருமி இருக்கும் சார். அது மேல கத்தி வெச்சா எலும்புக்குப் போயிடும், புது வால்வுலயும் ஒட்டிக்கும். முதல்ல ஆறட்டும்."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசமாவது."

"பழைய வால்வு அதுவரை தாங்குமா டாக்டர்?"

எக்கோ ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

துணி பட்டால் அரிப்பதால் சட்டையில்லாமல் எழுதுகிறேன். தாளில் செதில் விழுகிறது. மூச்சு விட்டால் நகர்கிறது.

சனிக்கிழமை எனக்கென்று வைத்திருந்த கட்டிலைப் பூந்தமல்லிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.