வில்னியஸில் ஐந்து இரவுகள்

மச்சான்,

எழுப்ப மனம் வரவில்லை. வெளியே பூட்டிவிட்டுத் தாமுவே சந்தைக்குப் போகிறேன், ஐரோப்பாக் குளிருக்காக உங்களுக்குக் கம்பளிக் கோட்டு வாங்க. யார் தட்டினாலும் குரல் கொடுக்காதீர்கள்.

நேற்று நீங்கள் கடையில் இருந்தபோது வார்டு ஆபீஸ் ஆள் வந்தார். படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டதாம். “கோ ரிஹான் எங்கே, மா உஸ்மா?” என்று பர்மிய மரியாதை குறையாமல் கேட்டார். “த்வாண்டேக்குப் பானை வாங்கப் போயிருக்காரு” என்றேன். “போன வாரமும் பானைதானே வாங்கப் போனாரு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். சுட வைக்கும்போது ஜன்னலைத் திறக்காதீர்கள், வாசனை கீழே போகும்.

வில்னியஸில் நீங்கள் பதிவு செய்த எட்டுப் பேர் படுக்கும் அறையை ரத்து செய்துவிட்டேன். ஐந்து நாள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் அடுக்குக் கட்டிலிலா படுப்பார்? வியாழக்கிழமை மிங்கலாடோன் ஏர்போர்ட்டில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். இப்போது பழைய நகரத்தில் நல்ல ஹோட்டல், காலைச் சாப்பாட்டோடு. அறையில் குளியல் தொட்டிகூட உண்டு. பெயரையும் தெருவையும் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள்.

நேற்று நான் முகம் கொடுத்துப் பேசாதது ஹோட்டலுக்காக இல்லை. “ஆறாம் நாள் உன் முன்னால வந்து நிப்பேன்” என்றீர்களே, அதற்காக.

உஸ்மா

பி.கு: திரும்பி வரும் டிக்கெட்டையும் பையில் வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டுங்கள். அந்த விமானத்தில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.