பறக்கும் படகின் அடிவயிற்றில் உப்பு

தோக்கியோ,
1984 அக்டோபர் 18, வியாழன்.

அன்பு மகன் யோஜிக்கு,

அம்மா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்பார்கள். மலையெல்லாம் இலை சிவந்து கிடக்கிறது என்று இங்கே எல்லோரும் எழுதுவார்களாம். தெற்கே வெயிலில் கிடக்கும் நம் தீவில் எந்த இலை எப்போது சிவந்தது? அதனால் அதை விட்டுவிடுகிறேன். இங்கே குளிர்கிறது. அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பருவம் அவ்வளவுதான்.

மருத்துவமனை என்றதும் பதறாதே. அப்பா உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். செவ்வாய்க்கிழமை காலையில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துப் படகிலிருந்த மிசாவோ அக்காவின் வீட்டுக்காரர்தான் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்தார். நம் ஊர் டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இது இங்க ஆகிற காரியம் இல்லம்மா. அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் தாங்காது. பறக்கும் படகைத்தான் கூப்பிடணும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவை நினைத்து வந்த பயத்தோடு உன்னை நினைத்து இன்னொரு பயமும் வந்தது. கடலில் இறங்கும் உன் அணியின் விமானத்தில் இந்த மனுஷன் ஏறுவாரா?

நேற்று இவாகுனி விமானத் தளத்தில் உன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன். நீ பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாய், வெள்ளிக்கிழமை திரும்புவாய் என்று ஒரு பையன் சொன்னான். ஏதாவது சொல்லணுமா என்று மரியாதையாகக் கேட்டான். இதை எப்படி இன்னொருவன் வாயில் போட்டு அனுப்புவது? அதனால்தான் விரைவுத் தபால்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஏண்டா, அப்பாவும் மகனும் சேர்ந்துகொண்டு மூன்று வருஷமாக என்னை முட்டாளாக்கி வைத்திருந்தீர்களா?

நீ கடற்படைக்குப் போகிறேன் என்றதிலிருந்து நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நீ கப்பல் ஏறிய அன்று ஊரே துறைமுகத்துக்கு வந்தது. படகுகளில் துரத்திக்கொண்டு வந்து, "போயிட்டு வா" என்று கத்திக்கொண்டே ஒருவர் பின் ஒருவராகக் கடலில் குதித்தார்கள். நம் ஊரில் பிடிக்காத வாத்தியார் மாற்றலாகிப் போனாலும் நாலு பேர் குதிப்பார்கள். உன் அப்பா மட்டும் வீட்டில் உட்கார்ந்து தூண்டில் முள்ளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து உன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. உன் கடிதம் வந்தால் நான் பூனைக்குப் படித்துக் காட்டுவதுபோல் உரக்கப் படிப்பேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். அந்தப் பூனைக்கு உன் வேலையைப் பற்றித் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

விமானம் மதியத்துக்கு மேல் வந்தது. இத்தனை வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்ததுதான். அன்று அப்பாவின் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், விமானம் கரையேறும் சரிவு தொடங்கும் இடத்திலேயே நின்று பார்த்தேன். கவலையில் மூச்சு முட்டுகிற நேரத்தில்கூட எனக்கு இந்தப் பாழாய்ப்போன வேடிக்கை பார்க்கும் புத்தி போகவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு எப்படியடா அவ்வளவு மெதுவாக இறங்குகிறது? விழுந்துவிடும் விழுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தால், விழாமல் தண்ணீரைத் தொட்டு, படகாக மாறி, பிறகு வயிற்றிலிருந்து சக்கரத்தை நீட்டி, ஆமை மாதிரி கான்கிரீட் சரிவில் ஏறி வந்து நிற்கிறது. அடிவயிற்றிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்ததும் தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன், "ஐயையோ, உப்பு மாமாவா!" என்றான். மற்றவன் அப்பாவின் கையைப் பிடித்து, "என்ன மாமா, சோதனை போடத்தானே வருவீங்க, இப்ப இப்படிப் படுத்துக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலியில் மூடியதில்லை அது. திருடன் அகப்பட்டால் மூடுவானே, அந்த மூடல். கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷமாகிறது, எனக்குத் தெரியாதா?

அவரை உள்ளே தூக்கும்போது நடந்ததை நீ கவனித்துப் படி. ஸ்ட்ரெச்சர் விமானத்தின் வயிற்றுப் பக்கமாகப் போனது. வாரால் கட்டியிருந்த கையை எப்படியோ உருவி, அந்த உலோகத்தில் ஒரு மடிப்பு மாதிரி இருக்கிறதே, அங்கே விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு விரலை வாயில் வைத்து நக்கினார். டாக்டர், "என்ன செய்யறீங்க, கையை அசைக்காதீங்க!" என்று கத்தினார். அந்த இரண்டு பையன்களும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். "இப்பத்தான் தண்ணியிலேர்ந்து வந்திருக்கு மாமா. இன்னிக்கு உப்பு இல்லாம இருக்குமா?" என்றான் ஒருவன். அப்பா, "மேலாப்ல இருக்கிற உப்பு வேற, மடிப்புக்குள்ள பழசாப் படிஞ்சிருக்கிற உப்பு வேற. போடா" என்றார். அந்த நிலையிலும் அதிகாரத்தைப் பார்.

புறப்படும்போது சரிவில் நின்ற கடற்படைக்காரர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி ஆட்டினார்கள். உங்கள் படையின் வழக்கம் என்று நீ எழுதியிருந்தாய், இப்போதுதான் நேரில் பார்த்தேன். விமானம் வேகமெடுக்கும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மிசாவோ அக்காவின் வீட்டுக்காரர் தன் படகிலிருந்து செருப்போடு கடலில் குதிக்கிறார். அப்போதுதான் அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்தது.

எழும்பியதும் தலைக்கு மேலே ஒரு சத்தம். வெளியே நான்கு விசிறிகள்தான் எண்ணியிருந்தேன். இது ஐந்தாவதாக எங்கேயோ ஒளிந்துகொண்டு கத்துகிறதே என்று, எங்களோடு உட்கார்ந்திருந்த சவதா என்ற பையனிடம் கேட்டேன். வடக்கே பனி பெய்யும் ஊர்க்காரனாம், கன்னம் ஆப்பிள் மாதிரி இருந்தது. அவன் ஆச்சரியப்பட்டு, "அம்மா, வர்றவங்க யாரும் இதைக் கேட்டதே இல்ல. உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் கேட்டாரு" என்றான். உள்ளே ஒளிந்திருக்கும் அந்த எஞ்சின் விமானத்தை இழுப்பதில்லையாம், இறக்கையின் மேல் காற்றை ஊதிக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் விழாமல் மெதுவாக இறங்க முடிகிறதாம். சரி, இவர் எப்போது கேட்டார் என்று நான் பிடித்துக்கொண்டேன். மருந்தில் அப்பா தூங்கிவிட்டிருந்தார். பையன் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.

விமானம் வரும்போதெல்லாம் விரிகுடாவில் மிதக்கும் கட்டைகளை அகற்ற மீனவர்களைக் கூப்பிடுவார்களே, அதற்கு உன் அப்பா ஒரு தடவைகூடத் தவறாமல் போயிருக்கிறார். என்னிடம் வலை பின்னப் போகிறேன் என்பார். வேலை முடிந்ததும் சரிவுக்கு வந்து, விமானத்தின் அடியில் குனிந்து நடந்து, மடிப்பு மடிப்பாக விரலை விட்டு நக்கிப் பார்ப்பாராம். முதல் தடவை, "இதை யாருடா கழுவுறது? பூனை மூஞ்சி கழுவுன மாதிரி கழுவியிருக்கான். வால் பக்கம் மூணாவது மடிப்புல உப்பு அப்படியே இருக்கு. அரிச்சுப் போயிடும்னு சொல்லு" என்றாராம். புதிதாக வந்த ஒரு தீவுக்காரப் பையன் என்று அவர்கள் சொன்னார்களாம். அடுத்த தடவை விமானம் வந்தபோது நேராகப் போய் மூன்றாவது மடிப்பில் விரலை விட்டாராம். சுத்தமாக இருந்ததாம். உடனே, "சரி, மிதவைக்கு மேல இருக்கிற ஆணி வரிசையை யாரு பாக்கறது?" என்று ஆரம்பித்தாராம்.

இவாகுனியில் விமானம் திரும்பி வந்து நிற்கும்போது நீ குழாயும் கையுமாக ஓடி வந்து முதலில் கேட்பது, "உப்பு மாமா என்ன சொன்னாரு?" என்பதுதானாமே? அவர் யார் என்று நீயும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. சவதா சிரித்துக்கொண்டே, "எங்களுக்குச் சொல்லணுமா என்னம்மா? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருந்தேன். நீங்களோ ஒரு விமானத்தின் வயிற்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், மடியிலிருந்த சோற்று உருண்டையை எடுத்துச் சவதாவுக்குக் கொடுத்தேன்.

பாதி வழியில் அப்பா விழித்தார். நான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பிறகு தன் அண்ணன் தொமெகிச்சியைப் பற்றிச் சொன்னார். போர்க்காலத்தில் உன் பெரியப்பா அதே சரிவில்தான் வேலை பார்த்தாராம், அன்றைய கடற்படையின் மிதவை விமானங்களைக் கழுவுகிற வேலை. குடிக்கவே தண்ணீர் இல்லாத தீவில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுவார்களாம். உப்பு போய்விட்டதா என்று விரலால் நக்கிப் பார்ப்பது பெரியப்பாவின் வழக்கமாம். பெண்களையும் குழந்தைகளையும் தீவை விட்டு அனுப்பியபோது அப்பாவுக்குப் பதினொரு வயது. பெரியப்பாவை மட்டும் கடற்படை போகவிடவில்லை. சரிவில் நின்று தொப்பியை ஆட்டினாராம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, ஓர் எலும்புகூடத் திரும்பி வரவில்லை. "அந்தச் சரிவு ஒருத்தனை எடுத்துக்கிச்சு. இன்னொருத்தனையும் நானே கொண்டுபோய் விடுவேனா?" என்றார். இவ்வளவையும் இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார், கல்லுளிமங்கன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் இங்கே பெரிய டாக்டர். செய்யாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். செய்தால் பிழைப்பார் என்றுதான் நம்புகிறாராம், ஆனால் உறுதி சொல்ல மாட்டாராம். திங்கட்கிழமை காலையில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பா முடியாது என்றுவிட்டார். "தொறந்த மீன் வயித்தையே தைக்க முடியாது, நெஞ்சைத் தொறக்கறாங்களாம். அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறேன்" என்று ஒரே பிடிவாதம். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருவேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் என் பங்குக் கஞ்சியையும் சேர்த்துக் குடித்துவிட்டார்.

இன்று காலை டாக்டர் படம் வரைந்து காட்டி, இரத்தக் குழாயில் இப்படிப் படிந்து அடைத்திருக்கிறது என்று விளக்கினார். அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "உப்புப் படியற மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் டாக்டர். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் போன பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "இவாகுனியில ஒருத்தன் இருக்கான். மடிப்புக்குள்ள இருக்கிறது வெளியே தெரியாதுன்னு விட்டுட மாட்டான். அவன் வந்து பாத்துட்டுச் சரின்னு சொன்னா, நானும் சரி."

நான் யார் அது என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் முறுக்கிக்கொள்வார்.

யோஜி, விடுப்புக் கேள். கொடுப்பார்கள், சவதா தன் பங்குக்கு மேலதிகாரியிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரையும் கேட்க வைக்க வேண்டாம். அதெல்லாம் உங்கள் இருவருக்கும் வராது. பழம் வாங்கிக்கொண்டு வந்து காசைக் கரைக்காதே. கட்டில் பக்கத்தில் நின்று அந்தப் படத்தைப் பார்த்து, சரி என்று ஒரு வார்த்தை சொல். உனக்கே சரியென்று படாவிட்டால் அதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நீ சொன்னால் நான் தாங்கிக்கொள்வேன். நீ வராமல் அவர் கப்பல் ஏறினால் மட்டும் தாங்க மாட்டேன்.

அந்த ஐந்தாவது எஞ்சினைப் பற்றி இன்னும் நிறையக் கேட்க வேண்டும். வந்து சொல்லு. உன்னைச் சுமந்து வரும் ரயில் உன்னைப் பத்திரமாக இறக்கிவிடட்டும். பெரியப்பா எங்கிருந்தாலும் உனக்குத் துணை இருப்பார்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா,
இத்சுகோ.

பி.கு.: மாடி ஏறுவதற்கு முன் கீழே குழாயில் கையை நன்றாகக் கழுவிக்கொள், விரல் இடுக்கு உட்பட. எப்படியும் உன் கையைப் பிடித்துப் பார்ப்பார்.